கயல்விழி: ஒரு பெண்பெயரின் பொருளையும் தோற்றத்தையும் வழக்கையும் ஆராயும் முறை

மகளுக்குப் பெயர் தேடும் பெற்றோர் பலர், பெயர்ப் பட்டியலில் ஒரு சொல்லுக்கு எதிரே 'அழகானவள்' என்று போட்டிருந்தால் அதையே அப்பெயரின் பொருளாக ஏற்றுக்கொள்கின்றனர். அதே பட்டியலில் வேறு பல பெயர்களுக்கும் அதே விளக்கம் தரப்பட்டிருக்கும் என்பதால், அது பாராட்டு ஆகுமே தவிரப் பொருள் ஆகாது. ஒரு பெயரை நாமே ஆராய்ந்து அறிவது கடினமான வேலை அன்று. அதற்கான வழியைக் கயல்விழி என்னும் பெயரைக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பிரிக்க வேண்டும். ஆங்கில எழுத்திலிருந்து தொடங்கினால் ல, ள, ழ மயங்கிவிடும். கயல், விழி என்று பிரித்தபின் ஒவ்வொரு சொல்லையும் நல்ல அகராதி ஒன்றில் பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்திலும் கிடைக்கிறது. சொல் இலக்கியத்தில் எங்கு வருகிறது என்பதையும் அது பல இடங்களில் காட்டுவதால், பொருளோடு பழமையையும் ஒருங்கே அறியலாம். கயல் என்பது நன்னீரில் வாழும் ஒரு மீன். விழி என்பது கண்.

இரு பொருள்களையும் சேர்த்துக் கூட்டினால் மட்டும் பெயரின் பொருள் வந்துவிடாது. இங்கே இலக்கணத்தின் துணை வேண்டும். 'கயல் போன்ற விழி' என்று விரிப்பது உவமைத்தொகை. அத்தொடர் கண்ணைக் குறிக்காமல், அக்கண்ணை உடைய பெண்ணைக் குறிக்கும்போது அன்மொழித்தொகை ஆகிறது. கனிமொழி, தேன்மொழி, மலர்விழி ஆகியவையும் இவ்வாறு அமைந்தவையே. மொழி, விழி ஆகிய சொற்கள் இயல்பாகவே இகரத்தில் முடிவதால், கண்ணி, குழலி போன்றவற்றில் உள்ள பெண்பால் ஈற்றின் ஓசை இவற்றுக்கும் அமைந்துவிடுகிறது. இவை பெண்பெயராக இத்தனை இயல்பாகப் பொருந்துவதற்கு அந்த ஓசையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்தது தோற்றம். இங்கே மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் சொல்லின் வயது வேறு, பெயரின் வயது வேறு. கண்ணுக்குக் கயலை உவமை கூறும் மரபு மிகப் பழையது. 'கயலுண்கண் யானிரப்பத் துஞ்சின்' என்று திருக்குறளின் 1212ஆம் குறள் தொடங்குகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரையைப் பாடுகையில் 'அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய்' என்கிறார். அம், கயல், கண்ணி என்னும் மூன்றும் சேர்ந்த அப்பெயர், மீனாட்சி என்னும் வடமொழிப் பெயரின் கருத்தையே தமிழில் தாங்கி நிற்கிறது. வல்லினமாகிய ககரத்தின் முன் லகரம் றகரமாகத் திரிந்து கயற்கண்ணி என்றாகிறது. வகரத்தின் முன் திரியாமல் கயல்விழி என்றே நிற்கிறது. பாண்டியரின் கொடியில் இருந்ததும் கயலே.

ஆனால் இவற்றை வைத்து, கயல்விழி என்னும் மக்கட்பெயர் ஆயிரம் ஆண்டுகளாக வழங்கியது என்று சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்ல, மனிதர்களின் பெயர்களைப் பதிந்த சான்று வேண்டும், அதற்குக் கல்வெட்டுகளே சிறந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களைத் தருகிறது. எடுத்தபாதம், பரவை, சோழகுலசுந்தரி என வரும் அப்பெயர்களைப் படிப்பவர்களுக்கு, அன்றைய பெயரிடும் மனம் இன்றையதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பது விளங்கும்.

தனித்தமிழ்ப் பெயர்கள் வீடுகளில் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். சுவாமி வேதாசலமாக இருந்து மறைமலையடிகள் ஆனவர் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் திராவிட இயக்கமும் அதற்கு வழிவகுத்தன. கயல்விழியையும் அந்த அலையோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம்.

வழக்கு எவ்வளவு என்று அறிவது இந்தியாவில் சற்றுச் சிரமம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான குழந்தைப் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணிக்கையோடு வெளியிடுகிறது, ஐவருக்குக் குறைவாகச் சூட்டப்பட்ட பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறது. நமக்கு அத்தகைய பட்டியல் இல்லாததால், வயதோடு பெயர் தரும் வாக்காளர் பட்டியலையே நம்ப வேண்டும். உங்கள் பகுதிப் பட்டியலில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களையும் முப்பதுக்குட்பட்டவர்களையும் தனித்தனியே எண்ணி, ஒவ்வொரு நூறு பேரிலும் அப்பெயர் எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிட்டால் போக்கு தெரியும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் அதில் இரார் என்பதை மறக்கக் கூடாது. புகழ்பெற்றவர்களின் பெயர் சான்றாகலாமே ஒழிய அளவுகோலாகாது. 2021இல் தாராபுரம் தொகுதியில் வென்று அமைச்சரான கயல்விழி செல்வராஜின் பெயர், அது வழக்கில் உள்ள பெயர் என்பதை மட்டுமே காட்டும்.

இணையத்தில் தேடும்போது ஆங்கில எழுத்து வடிவங்கள் எல்லாவற்றையும் தேட வேண்டும். தமிழ்நாட்டில் ழகரத்துக்குப் பெரும்பாலும் 'இசட், எச்' எழுதுவர். மலேசியாவில் 'எல்' எழுதுவதும் உண்டு. குழந்தைக்கு எந்த வடிவம் என்பதைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே, அகராதியையும் பட்டியலையும் புரட்டிப் பார்க்கப் போதிய காலம் இருக்கிறது.