குசினியில் காஸ் பூட்டுவதென்றால் முதலில் நிலத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கம் காஸ் அடுப்பு பூட்டிக் கொடுப்பதும் திருத்துவதும் என் தொழில். இங்கே பழைய வீடுகளில் குசினி விறகுக்கென்று கட்டியது. புகைபோக்கி இருக்கும், சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அதைக் காட்டி, “மேலே இவ்வளவு காற்றோட்டம் இருக்கே தம்பி, பயமில்லைத்தானே?” என்று அம்மாமார் கேட்பார்கள். புகைக்கு அது சரி. சிலிண்டர் காஸ் காற்றைவிடப் பாரமானது. ஒழுகினால் நிலத்தோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். கனடாவிலிருந்து வந்து நிற்கும் சொந்தக்காரர் தங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸை வைத்துப் புத்தி சொல்வதும் உண்டு. அங்கே குழாயில் வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன், இலேசானது, மேலே ஏறும். நமக்கு வருவது புரொப்பேனும் பியூட்டேனும். அவர்கள் காஸ் அலாரம் கொண்டுவந்து தந்தால், அது சிலிண்டர் காஸுக்குரியதா என்று பார்த்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பூட்டுங்கள். கூரையில் பூட்டினால் அது காவலுக்கு உதவாது.

ஆகவே சிலிண்டருக்கு இடம் பார்க்கும்போது கண் கீழே இருக்கட்டும். சமதளமான சீமெந்து நிலம் வேண்டும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். சரித்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். கழுவுநீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். குசினிக் கதவைத் தாண்டினால் கிணறு என்ற வீடுகளில், சிலிண்டரை வெளியே வைக்கிறேன் என்று கிணற்றுக்கட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். புது வீடுகளில் பன்ட்ரி அலுமாரிக்குள் மறைத்து வைப்பது வடிவுதான், ஆனால் அலுமாரியின் அடியில் துளை விடாமல் நான் பூட்டிக் கொடுப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டி தானாக நின்று தானாக ஓடும், உள்ளே பொறி தட்டும். அதிலிருந்து தள்ளி வையுங்கள். சுவாமி அறை விளக்கையும் விறகடுப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், கல் அல்லது சீமெந்து மேடையில் இருக்கட்டும். யன்னலுக்கு நேரே வேண்டாம். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் புட்டு அவிய வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனால் நெருப்பு அணைந்துவிடும், காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். நெருப்பு அணைந்தால் தானாக மூடும் வசதி எல்லா அடுப்பிலும் இல்லை. அதற்காக யன்னலைப் பூட்டி வைக்கவும் கூடாது. அடுப்பைத்தான் நகர்த்த வேண்டும்.

சாமான் வாங்கும்போது உங்கள் சிலிண்டர் எந்தக் கம்பனி என்று சொல்லி, அதன் வால்வுக்குப் பொருந்தும் வீட்டு றெகுலேற்றரை, அதாவது அழுத்தத்தைக் குறைத்து காஸை அடுப்புக்கு விடும் திருகைக் கேளுங்கள். சாப்பாட்டுக்கடைப் பெரிய அடுப்புகளுக்குப் போடும் உயர் அழுத்த றெகுலேற்றர் வீட்டுக்கு ஆகாது. குழாய் காஸுக்கென்று செய்தது, ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம், இரு முனையிலும் இறுக்குகிற கிளிப். தண்ணீர்க் குழாயை வெட்டிப் பூட்டியிருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். 12.5 கிலோ சிலிண்டரின் வெற்று எடை அதிலேயே எழுதியிருக்கும். தராசில் ஏற்றினால் உள்ளே இருப்பது சரியா என்று கணக்குத் தெரிந்துவிடும்.

இனிப் பூட்டுவோம். வீட்டில் நெருப்பு எதுவும் எரியக் கூடாது. அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். சிலிண்டர் மூடியைக் கழற்றி வால்வுக்குள் பாருங்கள்: கறுப்பு றப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது இல்லை, வெடித்திருக்கிறது என்றால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். பழைய சிலிண்டரின் வளையத்தைத் தோண்டியெடுத்து இதில் போடுவது நல்ல வேலை இல்லை. றெகுலேற்றர் மூடிய நிலையில் வால்வில் நேராக அமர்த்துங்கள். பூட்டியபின் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், கையோடு வரக் கூடாது.

இப்போது றெகுலேற்றரை மட்டும் திறவுங்கள். ஒரு கோப்பையில் சவர்க்காரத்தை நன்றாக நுரைக்கக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் வால்வு, றெகுலேற்றர், குழாயின் இரு முனை, குமிழ்களின் அடி எல்லாம் பூசுங்கள். குமிழி ஊதிப் பெருத்தால் ஒழுகுகிறது. மூடிவிட்டு இறுக்கி மறுபடி பூசுங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் நுரை பூசாத வீடில்லை. அடுத்த வருடம் தட்டுப்பாடு வந்து எல்லாரும் விறகுக்குத் திரும்ப, அந்தப் பழக்கம் விட்டுப்போனது. நெருப்புக்குச்சியால் சோதிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் கதைப்பதில்லை.

பற்ற வைக்கும்போது முதலில் குச்சி, பிறகு குமிழ். புதுக் குழாயில் காற்று நிற்பதால் முதல் தரம் பிடிக்காமல் போகலாம். உடனே மூடுங்கள். ஓரிரண்டு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தால் திரண்ட காஸ் ஒரேயடியாகப் பற்றும். நெருப்பு நீலமாக நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து சட்டியில் கரி பிடித்தால் மூடி ஆறவிட்டு, பர்னர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி எரிவது காஸை வீணாக்கும், கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் வரும், அதற்கு மணமில்லை.

காஸுக்கும் இயல்பில் மணமில்லை, தெரிவதற்காக மெர்கப்டான் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அழுகின கோவா (முட்டைக்கோசு) மாதிரி நாறும். அந்த நாற்றம் வந்தால் லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கைத்தொலைபேசியும் அங்கே வேண்டாம். றெகுலேற்றரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, எல்லாரும் முற்றத்துக்கு வந்தபின் அங்கிருந்து சிலிண்டர் தந்த கடைக்காரரைக் கூப்பிடுங்கள். ஃபேன் போட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், பொறி அந்தச் சுவிச்சில்தான் இருக்கிறது.

நுரைச் சோதனை சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தரமும் செய்ய வேண்டும். அதோடு குழாயைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள்: வெடிப்பு, உருகின அடையாளம், எலிப் பல். எலி கடித்த குழாய்க்கு ஒட்டும் ரேப் சுற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள். புதுக் குழாய் வாங்குங்கள்.