சோறு கடைசியாக

என் வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று கிளினிக்கில் சொன்னதும் நானும் எல்லாரையும் போல அரிசியைத்தான் மாற்றினேன். மத்தியானத்துக்குத் தம்பலகாமத்துச் சிவப்பரிசி, இரவுக்குக் குரக்கன் புட்டு. “குரக்கன்தானே” என்று மனுசன் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டையும் முடித்துவிடுவார். அடுத்த முறை இரத்தம் சோதித்தபோது எண் அசையவே இல்லை. சிவப்பரிசியிலும் குரக்கனிலும் நார்ச்சத்து கூடத்தான், ஆனால் அவையும் மாச்சத்துத்தானே.

கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசி சோறு என்று படம் காட்டுவார்கள். படம் சரி. நம் கை முதலில் சோற்றுப் பானைக்கல்லவா போகிறது! மலைபோலக் குவித்துவிட்டு மரக்கறிக்கு ஓரத்தில் இடம் தேடினால் எங்கே கிடைக்கும்? ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் வறை, அதாவது தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டிய கீரை, அப்புறம் ஒரு மரக்கறி, அப்புறம் மீன். மிச்ச இடத்துக்குத்தான் சோறு. எங்கள் அகப்பையில் ஒன்றரை வரும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் சோற்றுப் பக்கம் சேரும். அவற்றை மரக்கறிக் கணக்கில் எழுத இவர் முயன்று பார்த்தார், நான் விடவில்லை. ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சோற்றைக் குறையுங்கள். திடீரென்று குறைத்தால் சீனி இறங்கித் தலைசுற்றும்.

வறை ருசியாக இல்லாவிட்டால் இந்த வரிசை இரண்டு நாள்கூட நிற்காது. பொன்னாங்காணியைக் கழுவி, தண்ணீரை நன்றாக வடியவிட்டுப் பிறகு பொடியாக அரியுங்கள். சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, கீரையைப் போட்டு மூடாமல் கிளறுங்கள். மூடினால் நிறம் செத்துவிடும். மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, மஞ்சள், உப்பு போட்டுப் பிரட்டி இறக்கி, சூடு தணிந்தபின் தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமில்லை, கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவும் உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது தடைப்படும், ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

திருக்கோணமலையில் இருந்துகொண்டு மீனுக்கு யோசிக்கத் தேவையில்லை. விருந்தாளிக்குப் பாரை, வீட்டுக்குச் சூடை. காலையில் திருக்கடலூர்ப் பக்கம் வள்ளம் வந்த நேரம் பார்த்துப் போனால் கண் மங்காத சூடை கிடைக்கும். பழப்புளியும் மிளகும் போட்டு மண்சட்டியில் மெதுவாக வற்றவிட்டால் முள்ளும் மெதுவாகும். முள்ளோடு மென்றால் கல்சியம், பொரிக்கிற எண்ணெயும் மிச்சம். மார்கழியில் வாடை அடித்துக் கடல் குழம்பினால் மீன் விலை ஏறிவிடும். அப்போது பயறு, முட்டை. ஆசைக்குக் கருவாடு வைத்தால் சுடுதண்ணியில் இரண்டு தரம் அலசி, குழம்புக்கு வேறு உப்புப் போடமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கூட இல்லை.

தேத்தண்ணிச் சீனியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வீட்டில் சண்டை வரும். இவருக்கு மூன்று கரண்டியிலிருந்து கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வந்தேன். இலங்கையில் சோடாப் போத்தலில் 2016இலிருந்து சீனி அளவுக்கு நிறக்குறி இருக்கிறது. அப்போது வந்த விதிப்படி சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலுக்குக் கணக்குப் பார்த்தால் பதினொரு தேக்கரண்டி! பின்னேரம் பணிசுக்குப் பதில் அவித்த கடலை ஒரு கை.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், சோற்று வாளியோடு வந்த பொடியனிடம் இவர், “தம்பி, முதலில் கறியைக் கொண்டு வாங்கோ” என்றார். பொடியன் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தான்.