கரையோரக் காணியில் படை முகாமின் வேலி போடப்பட்டால் ஊர் செய்ய வேண்டியவை

வேலிக்கட்டை முதன்முதல் ஊன்றப்பட்ட திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். பின்னால் வரும் வேலைகளில் பாதி அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும். இலங்கை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வந்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை கடிதம் எழுதிப் பதில் கேளுங்கள். "பெரியவர்களோடு கதைத்துப் பார்ப்போம்" என்று ஆறு மாதம் காத்திருந்த ஊர்கள் நீதிமன்ற வாசலை அப்படியே இழந்திருக்கின்றன.

அடுத்தது பத்திரம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் 2004 சுனாமி காணி உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பத்திரம் இல்லையென்றால் காணி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். உறுதிக் காணியென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அரச காணிக்கான அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்றால் பிரதேச செயலகத்துக் காணிப் பேரேட்டில் பதிவு இருக்கும். இவற்றோடு பழைய வாக்காளர் இடாப்பு, மின்பட்டியல், சோலைவரிப் பற்றுச்சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள விலாசம், கடற்றொழில் சங்கத்தின் சந்தாப் புத்தகம், வள்ளப் பதிவு, கரைவலைப்பாட்டுக்கான அனுமதி எல்லாம் சேரும். ஒவ்வொன்றும் தனியாகப் பலவீனமானதுதான். ஐந்தாறு ஒன்றாகக் கிடந்தால் அந்த வளவில் யார் இருந்தார்கள் என்பதை மறுப்பது கஷ்டம்.

இங்கே பெரும்பாலும் பிழைக்கிற இடம் வேறு. நம் பகுதியில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். ஆனால் பத்திரம் தகப்பன் பெயரிலேயே கிடக்கும். தகப்பன் இறந்திருப்பார், பின்னுரித்தாளர் பதிவு நடந்திருக்காது. மகளும் அண்ணனும் ஒரே வளவுக்கு இரண்டு முறைப்பாடு போடுவார்கள். அதைக் காட்டியே "உரிமை சர்ச்சைக்குரியது" என்று கோப்பை மூடிவிடலாம். எனவே முதலில் ஒரு வளவுக்கு ஒரு கோப்பு என்று முடிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் யாருடைய பெயரில் கேட்பது என்பதைச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக எழுதி, மற்றவர்களின் ஒப்பத்தையும் வாங்கி, அந்தக் கோப்பிலேயே போடுங்கள். பங்குச் சண்டை இருந்தால் காணி திரும்பிய பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

கோப்பின் மேல் தாளில் வளவின் வரைபடம் வேண்டும். அதை ஊரின் வயதானவர்களை உட்கார்த்திக் கேட்டு வரையுங்கள். கிணறு எங்கே, எத்தனை தென்னை, கோவில் கல் எந்தப் பக்கம், வாடி எங்கே, வள்ளம் இழுத்து வைக்கும் இடம் எது, சவக்காலை எது என்பதெல்லாம் அதில் வரட்டும். தென்னையைத் தறித்துவிடுவார்கள், கிணற்றுக் கட்டும் அத்திவாரமும் லேசில் அழியாது. கூகிள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கிப் பார்த்து, கூரை தெரியும் படத்தைத் திகதியோடு அச்செடுத்துச் சேர்க்கலாம். சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்ததால் பலர் வளவை விட்டு உள்ளே போனார்கள். அந்தக் குடும்பங்களின் கோப்பில் இந்தக் காரணத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் "கைவிட்ட காணி" என்ற பெயர் வந்துவிடும். எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று ஊருக்கு வெளியே.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) நல்ல கருவி. ஆனால் கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. படைத்தரப்பிடம் "ஏன் முகாம் கட்டுகிறீர்கள்" என்று கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று மறுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. பிரதேச செயலாளரிடம் கேளுங்கள்: இந்தக் காணித்துண்டு யார் பெயரில் இருக்கிறது, யாருக்கு எப்போது எந்தக் கடிதத்தின்படி கையளிக்கப்பட்டது, வரைபட இலக்கம் என்ன, காணி தேவைப்படுகிறது என்று காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் போடப்பட்டதா, காணியை உடனே கையேற்க 38ஆம் பிரிவின் கீழ் அவசரக் கட்டளை வந்ததா. கரையோரம் பேணல் திணைக்களத்திடம் அந்த இடத்துக்கு அனுமதி வழங்கப்பட்டதா என்று தனியாகக் கேளுங்கள். உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம்தான். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். வராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு (அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பவர்) மேன்முறையீடு, அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஊர்க்கூட்டத்தை அவசரப்பட்டுக் கூட்டக்கூடாது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் உள்ள காங்ஜோங் மீனவக் கிராமத்தில் நடந்தது இதுதான்: 2007 ஏப்ரலில் 87 பேர் கூடிய கூட்டத்தில் கைதட்டிக் கடற்படைத் தளத்துக்குச் சம்மதம் சொல்லப்பட்டது. ஊர் கொதித்தெழுந்து தலைவரைப் பதவியிலிருந்து இறக்கி, ஓகஸ்ட்டில் முறையாக வாக்கெடுத்தபோது 725 பேரில் 680 பேர் எதிர்த்தார்கள். ஆனால் முதலாவது கூட்டத்தின் "சம்மதம்" அரசின் கையில் இருந்தது. வருடக்கணக்கில் தினமும் காலையில் நூறு வணக்கம் செய்து, கட்டுமான வாசலில் உட்கார்ந்தும், 2016இல் தளம் திறக்கப்பட்டது. ஆகவே கோவில், பள்ளிவாசல், கடற்றொழில் சங்கம், மாதர் சங்கம் நான்கிலும் ஒரே நாளில் அறிவித்தல் போட்டு, குறைந்தது ஏழு நாள் இடைவெளி விட்டு, வருகைப் பதிவோடு, இரகசிய வாக்கெடுப்பாக நடத்துங்கள். யாரும் தனியாகப் போய் அதிகாரிகளோடு பேசுவதில்லை, எப்போதும் மூன்று பேர், அதில் ஒருவர் பெண் என்ற தீர்மானமும் அந்தக் கூட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

அளவைக்காரர் வரும் நாள் மிக முக்கியம். முல்லைத்தீவு வட்டுவாகலில் கடற்படை முகாமுக்காக 600 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை அளக்க வந்தபோது பலமுறை மக்கள் வாசலில் நின்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். செய்வது இவ்வளவுதான்: காணிக்காரர் ஒவ்வொருவரும் "என் காணியை அளக்கச் சம்மதமில்லை" என்று ஒரு தாளில் எழுதி, இலக்கம், ஒப்பம், திகதியோடு அளவையாளர் கையில் கொடுத்துப் பிரதியில் ஒப்பம் கேட்பது. அவர் போடாவிட்டால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புவது. கருவியைத் தொடவேண்டாம், எல்லைக் கட்டையைப் பிடுங்க வேண்டாம், வாகனத்தில் கைவைக்க வேண்டாம். வழியில் உட்காருவதே அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு என்று வழக்காகலாம். அதை முன்கூட்டியே சொல்லி, சம்மதிப்பவர்களை மட்டும் முன்வரிசையில் இருத்துங்கள். சொல்லாமல் ஒருவரை அங்கே இருத்துவது அநியாயம்.

நாள்கணக்கில் இருப்பதற்குக் கொட்டில் வேண்டும். முகாம் வாசலுக்கு எதிரே, பாதையை மறிக்காமல், தனியார் வளவொன்றில் எழுத்தில் அனுமதி வாங்கிப் போடுங்கள். பாதையோரத்தில் போட்டால் பொதுத் தொல்லை என்று அகற்றச் சொல்வார்கள். 10 அடிக்கு 12 அடி போதும். கச்சான் காற்றுக் காலத்தில் படங்கு கிழிந்துபோகும், கிடுகுதான் வெக்கைக்கும் நல்லது. வாடை மாதங்களில் கிடுகின் மேல் படங்கை இழுத்துக் கட்டி, தரையை ஓரடி மண் போட்டு உயர்த்தாவிட்டால் முதல் மழையிலேயே இருக்க முடியாது. முறை ஆறு மணித்தியாலம், ஒரு முறைக்கு நால்வர். கரைவலை இழுக்கும் மாதங்களிலும் பெரும்போக அறுவடையிலும் ஆள் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த வாரங்களுக்குப் பக்கத்து ஊரிடம் இப்போதே கேட்டு வைக்கவேண்டும். முதல் வாரம் இருநூறு பேர் கூடி, மூன்றாம் வாரம் ஐந்து பெண்கள் மட்டும் இரவில் தனித்திருப்பதுதான் போராட்டம் உடைகிற வழி. 200 பேரைத் தேடாதீர்கள். 48 பேர் தவறாமல் வந்தால், ஒவ்வொருவருக்கும் மூன்று நாளுக்கு ஒரு முறைதான் வரும்.

கொட்டிலில் ஒரு கட்டுக் கொப்பி இருக்கட்டும். நேரம், வந்த வாகன இலக்கம், வந்தவர் சொன்ன பெயர், பதவி, கேட்டது, நாங்கள் சொன்னது. முறைப் பட்டியல் அந்தக் கொப்பியில் இருக்கக் கூடாது. புலனாய்வு என்று வருபவர்கள் முதலில் தேடுவது பெயர்ப் பட்டியலைத்தான். போட்டோ எடுப்பது உங்கள் வளவில் நடந்த மாற்றத்தை மட்டும், வெளியில் நின்று. முகாமின் உட்புறத்தை எடுக்க வேண்டாம், அது வேறு குற்றச்சாட்டுக்கு வழி. காசு வாங்கினால் பற்றுச்சீட்டு, இருவர் ஒப்பம், வாரம் ஒருமுறை கணக்கைக் கொட்டிலில் ஒட்டுவது.

ஊர்வலம் போவதானால் தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன் பக்கத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள். பொலிஸார் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் நீதவானிடம் தடைக் கட்டளை வாங்கிக் கொண்டுவரலாம். அதை வாங்கி வாசியுங்கள்: யாருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு. பொதுவாக 14 நாளுக்கு மேல் நீடிக்காது. கட்டளையைக் கிழித்தெறிவது வீரமில்லை. சட்டத்தரணி மறுநாளே அதே நீதவானிடம் போய் நீக்கக் கேட்கலாம். யாரையாவது கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அந்த நேரம் முழுதும் பொலிஸ் நிலைய வாசலில் இருவர் இருக்கட்டும்.

தனி ஊராக, தனி இனமாக நின்றால் லேசில் பிரித்துவிடுவார்கள். பெரும்பாலும் சிங்களவர் வாழும் அம்பாறைப் பாணமையில் 2010 ஜூலையில் விரட்டப்பட்ட ஏறத்தாழ 350 குடும்பங்களின் காணியில் கடற்படையும் விமானப்படையும் இருந்தன. ஒலுவில் அஷ்ரஃப் நகரில் 2011இல் முஸ்லிம்களின் காணி இராணுவத்திடம் போனது. அம்பாறையில் மூன்று சமூகத்துக்கும் இது ஒரே வருத்தம். உங்கள் மகஜரைச் சிங்களத்திலும் எழுதி, மற்றச் சமூகங்களின் கூட்டத்துக்கு முதலில் நீங்கள் போங்கள்.

பாணமைக் காணியில் 340 ஏக்கரை விடச் சொல்லி 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தும் கையளிக்கப்படவில்லை. 2016 மார்ச்சில் மக்கள் தாங்களாகவே உள்ளே போய்க் குடியேறினார்கள். கடற்படை வசமிருந்த கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவின் மக்கள் ஏறத்தாழ ஒரு வருடம் எதிர்க்கரையில் போராட்டம் இருந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23இல் வள்ளங்களில் வெள்ளைக் கொடியோடு தீவுக்குப் போனார்கள். இந்தப் படிக்கு வருமுன் கோப்புகள் முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அரச காணி என்று சொல்லி வெளியேறும் அறிவித்தல் வந்தால், நீதவான் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரத்தையோ எழுத்து அதிகாரத்தையோ காட்டுவது தவிர வேறு எதிர்வாதம் எடுபடாது. போகிற நாளில் பகல் வெளிச்சத்தில், மதகுருமாரும் ஊடகக்காரரும் கூட இருக்க, கையில் கத்தியோ அலவாங்கோ இல்லாமல் போங்கள். மண்வெட்டிகளை இரண்டாம் நாள் கொண்டுபோகலாம். முதல் நாள் வேலை கிணற்றைத் துழாவி இறைப்பது, அவரவர் அத்திவாரத்தில் அடுப்பு மூட்டுவது, மாலைக்குள் பிரதேச செயலாளருக்கு ஒவ்வொரு குடும்பமும் "இன்று முதல் என் வளவில் இருக்கிறேன், இந்த விலாசத்துக்குக் கடிதம் அனுப்பவும்" என்று பதிவுத் தபால் போடுவது. அந்தத் தபால் சீட்டைக் கோப்பின் மேல் தாளில் ஊசியால் குத்தி வையுங்கள்.