குணச்சித்திர நடிகரின் வாழ்க்கைக் குறிப்பைத் தயாரிப்பது எப்படி? தெல்மா ரிட்டரை முன்வைத்து

வாசகர் வட்டத்திலோ நூலக அரங்கிலோ பழைய ஹாலிவுட்டைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரைத் தொட்டால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ரங்காராவையும் பாலையாவையும் ரசித்தவர்களுக்குத் தெல்மா ரிட்டரை அறிமுகப்படுத்துவது சுலபம். துணை நடிகைக்கான ஆஸ்கருக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட விருது பெறாதவர் அவர்.

முதலில் ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள்: படம், வெளியான ஆண்டு, பாத்திரம், திரையில் பெயர் வந்ததா, தகவலை எங்கே சரிபார்த்தோம். நான்காவது பத்தியை விட்டுவிட்டால் தொடக்க காலமே காணாமல் போகும். 1947இல் ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தில் கடையில் அலுத்துப்போய் நிற்கும் தாயாக ரிட்டர் வருகிறார். பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. 1949இன் ‘எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்’ படத்திலும் அப்படியே. பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பாமல் படத்தைப் பாருங்கள். அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் இணைய அட்டவணையோடும் ஒப்பிடுங்கள்.

பிறந்த ஆண்டில்தான் அதிகம் சறுக்குவார்கள். ரிட்டருக்கு 1902, 1905 என்று இரண்டு ஆண்டுகள் புழக்கத்தில் உள்ளன. நாள் பிப்ரவரி 14, ஊர் நியூயார்க்கின் புருக்ளின். நடிகைகள் வயதைக் குறைத்துச் சொல்வது அந்தக் காலத் தொழிலில் சாதாரணம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குடும்பப் பதிவுகள் 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன. 1950 வரையிலானவை இப்போது கிடைக்கும். 1910 ஏப்ரல் கணக்கெடுப்பில் 8 வயது என்றிருந்தால் 1902. 5 என்றிருந்தால் 1905. சிறுவயதில் எடுத்த பதிவை நம்புவது நல்லது. அவர் இறந்தது 1969 பிப்ரவரி 5, பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு. எனவே வயது 66 அல்லது 63; வெறுமனே ஆண்டைக் கழித்து 67 என்று எழுதிவிடாதீர்கள்.

ஆஸ்கர் ஆண்டிலும் கவனம் வேண்டும். ‘ஆல் அபவுட் ஈவ்’ 1950இன் படம், விழா நடந்தது 1951இல். ‘தி மேட்டிங் சீசன்’ 1951இன் படம், விழா 1952இல். ஒன்றுக்கு விழா ஆண்டையும் மற்றொன்றுக்குப் பட ஆண்டையும் போட்டால் இரண்டும் 1951 ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் பட ஆண்டையே பயன்படுத்துங்கள். மீதி நான்கு பரிந்துரைகளும் 1952, 1953, 1959, 1962 என்று ஒழுங்காக அமையும். மேடையை மறந்துவிட வேண்டாம்: ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசை நாடகத்துக்காக 1958இல் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருதை, அதே நாடகத்தில் நடித்த குவென் வெர்டனுடன் பகிர்ந்துகொண்டார்.

இங்கே சிங்கப்பூரில் எப்போது திரையிட்டார்கள் என்பதற்குத் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் தேடுங்கள். துணை நடிகையின் பெயர் சிறு விளம்பரங்களில் இராது. படத்தின் பெயரோடு கேத்தே, கேப்பிட்டல் போன்ற திரையரங்குப் பெயரைச் சேர்த்து, அமெரிக்க வெளியீட்டு ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பாருங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும் என்பதால், கிடைக்காவிட்டால் தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் கொடுங்கள். 1930களின் நடிகரை எடுத்திருந்தால் 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை ஜப்பானிய ஆட்சி. அந்த இடைவெளியில் ஹாலிவுட் விளம்பரத்தைத் தேடிப் பயனில்லை.  

உரையின் பாதி நேரத்தை ஒரே காட்சிக்குக் கொடுங்கள். எங்கள் தேர்வு 1953இன் ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’. மோ என்ற கிழவி கழுத்துப்பட்டை விற்பாள், போலீசுக்குத் துப்பும் விற்பாள். அநாதைப் பிணமாகப் புதைத்துவிடக் கூடாதே என்று தன் அடக்கத்துக்குக் காசு சேர்ப்பாள். கொலைகாரன் அறைக்கு வந்ததும் ரிட்டர் பயந்து நடிப்பதில்லை. குரல் தணிகிறது, உடம்பு அசதியில் சாய்கிறது, களைத்துப்போனேன் என்கிறாள். கேமரா இசைத்தட்டின் பக்கம் நகர, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இதே நடிகை ‘ரியர் விண்டோ’வில் கிண்டல் பேசும் தாதியாக வருகிறார், இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் விளக்கமே வேண்டாம். குடும்பக் கதை பிடிக்கும் கூட்டமென்றால், மகன் வீட்டிலேயே சமையற்காரியாக வேலை பார்க்கும் மாமியாராக அவர் நடித்த ‘தி மேட்டிங் சீசன்’ பொருந்தும்.

இருபது நிமிட உரைக்கு இரண்டு நிமிடத் துண்டுகள் மூன்று போதும். முழுப் படத்தையும் பொதுவில் காட்டுவதென்றால் உரிமையாளரின் அனுமதியும் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் (ஐஎம்டிஏ) தரப்படுத்தலும் வேண்டும். இவற்றைத் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.