வீட்டோடு இருந்து நாவல் எழுத: மலையகத்துக்குச் சில கைக்குறிப்புகள்

முதலில் கொப்பி. கையால் எழுதுகிறவர்கள் தனித்தாளில் எழுத வேண்டாம். பிள்ளைகள் கணக்குப் போட எடுத்தால் ஓர் அத்தியாயமே போய்விடும். 200 பக்கச் சீஆர் கொப்பி (தடித்த அட்டை போட்ட கொப்பி) வாங்கி, வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் திருத்தத்துக்கு. பக்கத்துக்கு 150 சொல் வருகிற கையெழுத்தென்றால் ஒரு கொப்பியில் 15,000 சொல் அடங்கும், 60,000 சொல் நாவலுக்கு நாலு கொப்பி போதும். ஜெல் பேனை வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் பல ஜெல் மைகள் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரையும். சாதாரண போல்பொயின்ட் பேனையே நல்லது.

இங்கே எழுதுகிறவருக்குப் பெரிய எதிரி ஈரம்தான். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை பொழியும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கவனம் தேவை. இந்த ஊர்கள் அடங்கிய ஊவாவில் ஜூலை, ஓகஸ்டில் வீசும் வறண்ட காற்று தேயிலைக்குத் தரம் கொடுப்பதுபோலக் கொப்பிக்கும் நல்லது. (கதையில் ஜூலை மாதத்துப் பதுளையில் அடைமழை பெய்ய வைத்தால் ஊர்க்காரர் சிரிப்பார்கள்.)

கொப்பியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இரவில் குளிர்ந்த சுவரில் நீர் வியர்த்து அட்டைக்கு ஏறும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது பழைய வழக்கம். அங்கே காய்வதென்னவோ உண்மை, ஆனால் புகைக்கரி படிந்து தாள் மஞ்சளாகி மொறுமொறுத்துப் போகும். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் தகரப்பெட்டிதான் சரி. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, கால் கிலோ அரிசியை நிறம் மாறும்வரை வறுத்து, மூடிய சட்டியில் ஆறவிட்டு, துணியில் கட்டி அடியில் வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மறுபடி வறுக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்பு மட்டும் வேண்டாம். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே கரைந்து கொப்பிக்குள் இறங்கும். ஏற்கெனவே நமுத்த கொப்பியைப் பெட்டியிலோ சொப்பிங் பேக்கிலோ போட்டு மூடினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

கம்பிப்பின் அடித்த கொப்பியென்றால் வாங்கிய அன்றே கத்தி முனையால் பின்னை நெம்பி எடுத்துவிட்டு, அதே மடிப்பில் மூன்று துளையிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். விட்டால் பின் துருப்பிடித்து நடுத்தாளை அரித்துவிடும்.

கொப்பி நனைந்துவிட்டதா? பக்கங்களைப் பிரித்து இழுக்காதீர்கள். விசிறிபோல நிறுத்தி, பத்துத் தாளுக்கு ஒரு பத்திரிகைத்தாள் வைத்து, அது ஊறினதும் மாற்றுங்கள். காற்றோட்டம் போதும். அடுப்படியில் காயவைத்தால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் பரவும். முழுதாகக் காய்ந்த பிறகு, இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) வெளியே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

எழுதும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது நடக்காத காரியம். அன்றைக்குத்தான் டவுனுக்குப் போகவேண்டும், கலியாணம் வரும், விருந்தாளி வருவார். விடியற்காலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஒரு மணிநேரம் கிடைத்தால் பெரிய விஷயம், அதுவும் அடுப்பு மூட்டுகிற பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொண்டால்தான் வீட்டில் முகம் சுளிக்கமாட்டார்கள். தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் முந்தின நாள் பக்கத்தைப் படிக்கலாம். காட்சியை முடிக்காமல் பாதியில் நிறுத்துங்கள். யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன, அடுத்து வாயைத் திறப்பது யார் என்று இடப்பக்கத்தில் மூன்று வரி குறித்துவிட்டால் மறுநாள் தடுமாற்றம் இருக்காது.

சொந்தக்காரர் கதையை எடுக்கும்போது பெயரை மட்டும் மாற்றுவது மறைப்பே ஆகாது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த காம்பராவில் (அறையில்) இருமினாலே கேட்கும், கதையா கேட்காது? மாமியை மாமியாகவே வைத்துவிட்டு ஊரை மாற்றுவதைவிட, உறவு முறை, தொழில், தோட்டத்து டிவிஷன் (பிரிவு) மூன்றையும் மாற்றுங்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அச்சான பிறகு சொல்லப் போனால் தேத்தண்ணிகூடக் கிடைக்காது. வீட்டில் வாசித்துப் பார்ப்பவரிடம் “எப்படியிருக்கு?” என்று கேட்காதீர்கள், “நல்லாயிருக்கு” என்றுதான் வரும். அலுப்புத் தட்டின இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

எழுதிய பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். தட்டச்சு யுனிகோடில் இருக்கட்டும். அச்சகம் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு கேட்டால் பிரதி ஒன்றை மாற்றிக் கொடுத்து, மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிரதியைச் சரிபாருங்கள்: ஆங்கில எழுத்தில் இருந்த சொல் எல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாகியிருக்கும், திறக்கும் சதுர அடைப்புக்குறி ‘ஜ’ ஆகியிருக்கும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் (நூலின் சர்வதேச அடையாள எண்) கொழும்பிலுள்ள தேசிய நூலகத்துக்கு அச்சுக்கு முன்பே விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் அட்டை அடித்த பிறகு எண்ணை ஒட்டுத்தாளில் ஒட்டிக்கொண்டிருக்க நேரும்.