ஊருக்குப் போகும் சீலியாக் காரருக்கு: புட்டுக்குள்ளும் தோசைக்குள்ளும் இருக்கிற கோதுமை

ரொறன்ரோவிலோ லண்டனிலோ சீலியாக் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ரிக்கெற் போட்டதும் பெரும்பாலும் நிம்மதியாகத்தான் இருப்பார்கள். பாணும் பாஸ்தாவும் பீற்சாவுமாக இருக்கிற நாட்டிலேயே சமாளித்தாயிற்று, சோறு தின்கிற ஊரில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. கதை மறுவளம். இங்கே பெட்டியில் எழுதியிருக்கும், உணவகத்தில் மெனுவிலேயே குறி போட்டிருப்பார்கள். அங்கே கோதுமை மா எதற்குள் இருக்கிறது என்பது சமைக்கிறவருக்கே சிலவேளை உறைப்பதில்லை, ஏனென்றால் அரிசி மாவோடு கலந்து, அரிசிச் சாப்பாடு என்ற பெயரில்தான் அது தட்டுக்கு வருகிறது.

வருத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக, கூட வருகிற புருஷன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்குமாக: கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சீலியாக் உள்ளவரின் நோயெதிர்ப்புச் சக்தி அவருடைய சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற சடைமுளைகள் தேய்ந்து போகும். வயிற்றோட்டம், வயிறு ஊதல், சிலருக்கு இவை ஒன்றுமே இல்லாமல் தீராத இரத்தச்சோகையும் களைப்பும் மட்டும். ஒவ்வாமை போல உடனே மூச்சு முட்டாது, அதனால்தான் சனத்துக்கு இது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. மருந்து கிடையாது, குளூட்டனை வாழ்நாள் முழுக்க விடுவதுதான் வைத்தியம். குளூட்டன் இல்லாத உணவு என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ஒரு துண்டுப் பாணில் கிராம் கணக்கில் இருக்கும், ஆக ஒரு பொருக்கே போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது, அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்திலும் அதற்குப் பிறகும் கோதுமை மா மலிவாக உள்ளே வந்து எங்கள் குசினிகளில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வயது போனவர்கள் அமெரிக்கன் மா என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் புட்டு என்றால் பெரும்பாலும் பாதி அரிசி மா, பாதி அவித்த கோதுமை மா, அப்போதுதான் பஞ்சு மாதிரி வருமாம். இடியப்பமும் அப்படித்தான். வெள்ளை இடியப்பத்தில் அனேகமாகக் கோதுமை மா இருக்கும், சிவப்பு என்றால் தப்பிவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம், அதிலும் கலப்பார்கள். குரக்கன் புட்டுக்குள்ளும் கலப்பார்கள். இதில் ஒரு தந்திரமான இடம் இருக்கிறது. மாவை அவித்து அரித்தால் அது பிசுபிசுப்பு இல்லாமல் உதிரியாக வரும், ரொட்டி மாவைப் போல இழுபடாது. அதைப் பார்த்து, அவித்த மாவில் அந்தச் சாமான் போய்விட்டது என்று யாராவது விளக்கம் தந்தால் நம்ப வேண்டாம். இழுபடும் தன்மைதான் போகும், உடம்புக்குக் கெடுதல் செய்கிற புரதம் அப்படியே இருக்கும்.

தோசையில்தான் அதிகம் பேர் மாட்டுப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் தோசை என்றால் அரிசியும் உளுந்தும், அதைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் யாழ்ப்பாணத்திலும் யோசிக்காமல் கை வைப்பார்கள். எங்கள் தோசைக்கு உளுந்தை அரைத்து, கோதுமை மாவையோ அவித்த மாவையோ போட்டுக் கரைத்து வைக்கிறது வழக்கம். கடை அப்பத்திலும் கோதுமை மா சேர்க்கிறவர்கள் உண்டு. ஆகவே ஊரில் தோசை, அப்பம் இரண்டும் ஒவ்வொரு வீட்டிலும் தனியாகக் கேட்டு அறிய வேண்டியவை. சென்னையில் இரண்டு நாள் தங்கிக் கோயிலும் சேலைக்கடையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே வேறு சிக்கல்: ரவா தோசை வார்த்த அதே கல்லில்தான் உங்கள் சாதா தோசையும் வரும், பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் பொரியும், சாம்பாரில் பெருங்காயம் விழும். இட்லி ஓரளவு பாதுகாப்பு, ரவா இட்லியைத் தவிர.

பெருங்காயம் ஏன் என்றால், கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் சுத்தமான பெருங்காயம் கொஞ்சம்தான், மற்றது பிசினும் மாவும், அந்த மா பல கொம்பனிகளில் கோதுமை மா. டப்பாவைத் திருப்பி வாசித்தால் எழுதியிருக்கும். ஊர்க் குழம்புகளில் பெருங்காயம் குறைவு, ஆனால் சைவக்கடைச் சாம்பார், ரசம் இரண்டையும் நான் என்றால் தொடமாட்டேன்.

பலகாரத் தட்டு வந்தால் மொத்தமாகவே சந்தேகப்படுங்கள். பனங்காய்ப் பணியாரத்தில் பனங்களியோடு சேர்கிறது பெரும்பாலும் கோதுமை மா. முறுக்குக்கு அவித்த மா, மோதகத்துக்கும் கொழுக்கட்டைக்கும் மெதுமை வர அரிசி மாவோடு அவித்த மா, சீனி அரியதரத்தில் றவை போடுகிற வீடுகள் உண்டு, பயற்றம் பணியாரம் தோய்க்கிற கரைசலிலும் கலக்கலாம். எள்ளுருண்டை பரவாயில்லை. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மிதிவெடி, கொத்து ரொட்டி எல்லாம் சொல்லத் தேவையில்லை.

குடிக்கிறதிலும் கவனம். வந்த களைக்கு என்று ஆதரவாக ஊற்றித் தருகிற நெஸ்ரமோல்ட், மைலோ, ஹோர்லிக்ஸ் மூன்றிலும் பார்லி மோல்ட் இருக்கிறது. பிளேன்ரீ கேளுங்கள். பியர் பார்லியில் செய்வது. கள்ளில் குளூட்டன் இல்லை, அதற்குமேல் உங்கள் விருப்பம்.

சரி, என்னதான் சாப்பிடலாம்? நிறையவே இருக்கிறது. குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய், வாழைப்பூ வறை, மீன் குழம்பு, நண்டு, கணவாய், சொதி, தேங்காய்ச் சம்பல் என்று மதியச் சாப்பாடு கிட்டத்தட்ட முழுவதும் உங்களுக்குத்தான். மிளகாய்த்தூள் வீட்டில் வறுத்து இடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. ஒடியல் மா பனங்கிழங்கு மா, அதில் குளூட்டனே கிடையாது, ஆகவே ஒடியற் கூழும் ஒடியற் புட்டும் உங்களுக்காகவே ஊர் கண்டுபிடித்தது போல. ஆடிப்பிறப்புக்கு நிற்கிறீர்கள் என்றால் ஆடிக்கூழ் அரிசி மாவும் பயறும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான், மாவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். புக்கை, அவல், கப்பல் வாழைப்பழம், மாம்பழம். காலைச் சாப்பாடுதான் இடிக்கும், அதற்குத் தனி அரிசி மா வேண்டும்: அரிசியை வாங்கி ஊறப்போட்டு, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்து வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். மில்லில் கொடுத்தால் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது சட்டிபானை. பொருட்களைத் தவிர்ப்பதைச் சனம் ஒரு மாதிரி விளங்கிக்கொள்ளும், ஆனால் கோதுமைப் புட்டுக் குழைத்த அதே பாத்திரத்தில் அரிசிப் புட்டுக் குழைத்தால் உங்களுக்கு ஆகாது என்பது எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழி, எங்கள் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்வது. விரத நாளில் மச்சச் சட்டியில் மரக்கறி காய்ச்சுவார்களா? மீன் கிண்டிய அகப்பையைக் கழுவிவிட்டுப் பருப்புக்குள் விடுவார்களா? மாட்டார்கள். என் மகளுக்குக் கோதுமை மா அப்படித்தான், அவளுக்கு ஒவ்வொரு நாளும் விரதம் மாமி என்று சொன்னதும் மாமியின் முகம் மாறிவிட்டது. அன்றைக்குப் பின்னேரமே புட்டு அவிக்கிற பழைய நீத்துப்பெட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஆள் அனுப்பிப் புது நீத்துப்பெட்டியும் இடியப்பத் தட்டும் எடுப்பித்து, கைபிடியில் சிவப்பு நூல் கட்டி, அதைத் தொடுகிறவர்களின் கையைப் பார்த்துப் பேசத் தொடங்கினா. பிறகு எங்களைவிட அவதான் கடுமை. பாண் வெட்டிய கையோடு மாமா உப்புப் போத்தலைத் தொட்டதற்கு ஒரு பிரசங்கம் நடந்தது.

அந்த நீத்துப்பெட்டி விஷயம் முக்கியம். ஓலையில் பின்னியது, இடுக்கெல்லாம் பழைய மா ஒட்டியிருக்கும், எப்படிக் கழுவினாலும் போகாது. சுளகு, மர அகப்பை, மர இடியப்ப உரல், அரிதட்டு எல்லாம் இதே சாதி. புதிதாக வாங்க அதிகம் செலவாகாது. சில்வர் பாத்திரங்களைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். ரொட்டி சுட்ட தாச்சியில் தோசை வார்க்க வேண்டாம். இன்னொன்று, வீட்டில் மா அரிக்கிற நேரம் உங்கள் சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள், அந்தத் தூசு பறந்து எல்லாவற்றிலும் படும்.

“ஒருக்காத் தின்னு பிள்ளை, ஒண்டும் செய்யாது, நாங்கள் இவ்வளவு காலமும் தின்னேல்லையே” என்பது கட்டாயம் வரும். அதற்குக் கோபிக்கவும் வேண்டாம், மருத்துவப் பாடம் எடுக்கவும் வேண்டாம். “டொக்டர் சொல்லிப்போட்டார், தின்றால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேணும்” என்று ஒரே வரியில் முடியுங்கள், எங்கள் ஆட்களுக்கு டொக்டர் சொன்னால் சரி. கையில் வேறு ஏதாவது இருந்தால் இன்னும் சுகம். ஒரு பழத்தை எடுத்துத் தின்னத் தொடங்கினால் உபசரிக்கிறவரின் மனமும் ஆறும். போகிற வீட்டுக்கு முதல் நாளே ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது, அடுப்பில் ஏறியபிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் மனவருத்தம்.

கடையிலும் கலியாண வீட்டிலும் நீட்ட ஒரு சிறிய அட்டை அடித்து வைத்திருங்கள். “குளூட்டன்” என்று எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை, சாமான்களின் பெயரையே எழுத வேண்டும். இப்படி: “எனக்கு ஒரு குடல் வருத்தம் இருக்கிறது. கோதுமை மா, ஆட்டா மா, அவித்த மா, மைதா, றவை, சேமியா, பாண், பார்லி, கூட்டுப் பெருங்காயம், சோயா சோஸ் ஒன்றும் கொஞ்சம்கூட ஆகாது. அவை பட்ட சட்டி, கரண்டி, எண்ணெயும் ஆகாது. சோறு, மரக்கறி, மீன், முட்டை சாப்பிடுவேன்.” ஆட்டா மாவைத் தனியாகப் போட்டதற்குக் காரணம், “கோதுமை மா போடேல்லை, ஆட்டா மாதான்” என்று முழு நம்பிக்கையோடு பதில் சொல்கிறவர்கள் உண்டு. கொழும்புப் பக்கமும் வழிக் கடைகளிலும் சிங்களத்தில் “பாண் பிட்டி” என்று கேட்டால் விளங்கும். கொத்துப் போடுகிற கடையில் வெறும் பிரைட் ரைஸ் கேட்பதிலும் அர்த்தமில்லை: அதே கல்லு, அதே தகடு, மேலால் சோயா சோஸ். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கச்சான் வாங்குவதென்றால் ஓட்டோடு வறுத்ததை வாங்கலாம், மா தோய்த்துப் பொரித்தது வேண்டாம்.

வேதக்காரருக்கு ஒன்று. பூசையில் தருகிற அப்பம் கோதுமையில் செய்ததுதான். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைக் கத்தோலிக்க திருச்சபை அனுமதிக்கிறது, அதை வெளிநாட்டிலேயே வாங்கிக்கொண்டு போய் முன்கூட்டியே சுவாமியிடம் சொல்லி வைக்கலாம், அல்லது திராட்சை இரசம் மட்டும் எடுக்கலாமா என்று கேட்கலாம்.

விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாட்டின் குறியீடு ஜி.எஃப்.எம்.எல். ரிக்கெற் எடுக்கும்போதே போடுவியுங்கள், போவதற்கும் வருவதற்கும், மாறுகிற விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டு நாளைக்கு முன் திரும்பவும் பாருங்கள். என்ன இருந்தாலும் கைப்பையில் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஏதாவது வேண்டும். வழக்கமாகச் சாப்பிடுகிற பிஸ்கட், பாஸ்தா கொஞ்சம் பெட்டியில் போடுங்கள். கொழும்பில் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் தேடினால் ஏதாவது அகப்படும், ஊரில் அதை நம்பி இருக்க முடியாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வாகனத்திலோ ரயிலிலோ போகிற நாளுக்கு வாழையிலையில் சோற்றுப் பொதி கட்டிக்கொள்ளுங்கள், ரயிலில் வருகிற வடைக்குள் மா சேர்த்திருக்கிறார்களா என்று விற்கிற பெடியனிடம் கேட்டு மாளாது.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் பட்டுவிடலாம். முறிவு மருந்து ஒன்றும் இல்லை. ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் குடித்து, இளநீரும் கஞ்சியுமாக ஓய்வெடுக்க வேண்டியதுதான். ஆனால் ஊரில் வயிற்றோட்டம் வந்தால் எல்லாவற்றையும் கோதுமையின் தலையில் போட்டுவிடாதீர்கள், தண்ணீர் மாறினாலும் வரும்: காய்ச்சல் இருந்தால், இரத்தம் போனால், நிற்காமல் போனால் டொக்டரிடம் போங்கள். அங்கே அவருக்குச் சீலியாக் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் குறைவாக இருக்கலாம். இந்தியாவில் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்த இந்த வருத்தம் தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் இருந்தது. பரம்பரை அலகுகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, தின்கிற கோதுமையின் அளவுதான் பெரிய வித்தியாசம். ஆகவே உங்கள் டொக்டரின் கடிதத்தையும் பரிசோதனை முடிவுகளையும் போனில் படமெடுத்து வைத்திருங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சொந்தக்காரரில் யாராவது, எனக்கும் கன காலமாக இரத்தம் காணாது, இரும்புக் குளிசை போட்டும் ஏறுதில்லை என்று சொல்லக்கூடும். இது பரம்பரையில் ஓடுகிற வருத்தம், தாய் தகப்பன், சகோதரங்கள், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வர வாய்ப்புண்டு, ஆகவே அதைக் கேட்டுவிட்டுச் சும்மா விட வேண்டாம். ரீரீஜி ஐஜிஏ (tTG-IgA) என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றி டொக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் கோதுமையை அவர்களாக நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் இருக்கிற வருத்தமும் இல்லை என்று வரக்கூடும்.