ராக் குழுவைக் கிண்டலடிக்கும் போஸ்டர்: எங்கெல்லாம் சறுக்குகிறது

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் சின்னமான சிவப்பு நாக்கை எடுத்து, நுனியில் ஒரு டாலர் குறியைப் போட்டுவிட்டால் நையாண்டி போஸ்டர் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் வரைகலை படிக்கும் நம் பிள்ளைகளின் படைப்புகளைப் புரட்டினால் இந்த நாக்கு எங்காவது எட்டிப் பார்க்கும். வரைந்த கை நல்ல கைதான். ஆனால் படம் எதையும் சொல்வதில்லை. காசு வாங்காமல் பாடும் குழு உலகத்தில் ஏது? காசுக்குப் பாடுகிறார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டே இல்லை. எதை விற்றார்கள், யாரிடம் விற்றார்கள், எப்போது விற்றார்கள் என்று குறிபார்த்துச் சொன்னால்தான் அடி விழும்.

இந்தக் குழுவிடம் அதற்குப் பஞ்சமே கிடையாது. 1981-ல் அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர், ஜோவான் என்ற வாசனைத் திரவிய நிறுவனம். ராக் இசையில் கம்பெனி ஸ்பான்சர் காலத்தைத் தொடங்கி வைத்தது அந்தப் பயணம்தான் என்று பலரும் சொல்வார்கள். 1995-ல் விண்டோஸ் 95 விளம்பரத்துக்காகத் தங்கள் பாட்டு ஒன்றை மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்தார்கள். அந்த நாக்கின் கதை இன்னும் சுவை. 1970-ல் அதை வரைந்த ஜான் பாஷ் அப்போது ஓவியக் கல்லூரி மாணவர். கையில் வாங்கிய கூலி 50 பவுண்டு. அந்த மூலப்படத்தை 2008-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டாலருக்கு வாங்கியது. இதெல்லாம் தெரிந்துவிட்டால் டாலர் குறிக்கு வேலையே இல்லை. நாக்கின் நுனியில் 50 பவுண்டு என்று எழுதிய சம்பளச் சீட்டு தொங்கட்டும். அல்லது மேடை நடுவில் ஆளுயர செண்ட் புட்டி நிற்கட்டும், பாடகர் ஓரமாக நின்று அதற்கு விசிறட்டும்.

நாக்கு என்றதும் தமிழர்களுக்கு மட்டும் வரும் ஒரு சபலம் உண்டு. குழுவின் பாடகர் மிக் ஜாகர் பாஷிடம் எடுத்துக்காட்டாகக் காட்டியது காளியின் படம். இது தெரிந்ததும் கை துறுதுறுக்கும்: காளி, பத்துக் கை, கைக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு டிக்கெட், ஒரு கிரெடிட் கார்டு. வேண்டாம். மலேசியாவில் சாமி படத்தில் கை வைத்தால் போலீஸ் புகார் வரை போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கிண்டல் தப்பான ஆள் மேல் விழுகிறது. வியாபாரம் செய்தது குழு, அடி வாங்குவது அம்மனா? காளியைக் கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால் படத்தையே வைக்காமல் ஒரு பில்லை வையுங்கள். கோயில் அலுவலகத்திலிருந்து குழுவின் மேனேஜருக்கு: 'நாக்கு உபயோகக் கட்டணம், 1970 முதல் நிலுவை. ரொக்கம் மட்டும்.' இப்போது யார் நெளிய வேண்டுமோ அவர்தான் நெளிகிறார்.

மிகைப்படுத்துவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க ராக் குழுவான கிஸ்ஸின் பெயர் பொறித்த சவப்பெட்டியை வரைந்துவிட்டு, ஆஹா, எல்லை தாண்டிவிட்டோம் என்று உட்கார்ந்திருப்போம். அவர்கள் அதை 2001-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சாகும்வரை பீர் குளிரவைக்கும் பெட்டியாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் வேறு! 1977-ல் தங்கள் ரத்தத்தைச் சிவப்பு மையில் கலந்து மார்வெல் காமிக்ஸ் அச்சடித்தவர்கள் அவர்கள். 2000-ல் ஒரு விடைபெறும் பயணம் போனார்கள். 2019-ல் இன்னொரு கடைசிப் பயணம் தொடங்கி 2023 டிசம்பரில் நியூயார்க்கில் முடித்தார்கள். முடித்த அன்றே திரையில் தங்கள் டிஜிட்டல் உருவங்களை அறிமுகப்படுத்தினார்கள். இப்படிப்பட்டவர்களை ஊதிப் பெரிதாக்கிக் கிண்டலடிக்க முடியாது. சின்னதாகப் போக வேண்டும். சவப்பெட்டிக்கு மாதத் தவணைத் திட்டம், ஓராண்டு வாரண்டி, 'பயன்படுத்திய பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படாது' என்ற பொடி எழுத்து. மூன்றாவது விடைபெறும் பயணத்துக்கு முன்பதிவு செய்தால் நான்காவதுக்கு விலைக் கழிவு.

யூ2 குழுவை சூப்பர்மார்க்கெட்டில் நிறுத்தி வரைவதும் இதே கணக்குதான். 1997-ல் பாப்மார்ட் பயணத்தை அவர்களே நியூயார்க்கில் ஒரு கேமார்ட் கடையில் வைத்து அறிவித்து, மேடையில் மஞ்சள் வளைவும் 40 அடி எலுமிச்சையும் நிறுத்தினார்கள். நீங்கள் வரைந்து காட்டினால் கை தட்டுவார்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். 2023 நவம்பர் 22 அன்று புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் பிரிட்டனின் கோல்ட்பிளே குழு பாடியது. டிக்கெட் சில மணி நேரத்தில் தீர்ந்து, கைமாற்றி விற்றவர்கள் வைத்ததே விலை என்றானது. அந்தக் கோபத்தில் போஸ்டர் வரைபவர்கள் பாடகர் கழுத்தில் பணமாலை போடுகிறார்கள். கைமாற்று விலையில் கிடைத்த லாபம் பாடகருக்கா போனது? குழு, ஏற்பாட்டாளர், டிக்கெட் இணையதளம், கைமாற்றுக்காரர் என்று இதில் நாலு பேர் இருக்கிறார்கள். யாரை அடிக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நாலு பேரையும் ஒரே தாளில் நிறுத்தினால் அது விசாரணை அறிக்கையாகிவிடும்.

கோல்ட்பிளேயின் வியாபாரத்தைத்தான் தொட வேண்டும் என்றால், பசுமைப் பேச்சும் ஸ்பான்சரும் சேரும் இடத்தைத் தொடலாம். பயணத்துக்கு எரிபொருள் கொடுக்க ஃபின்லாந்தின் நெஸ்டே நிறுவனத்துடன் கைகோத்தார்கள். காடழிப்போடு தொடர்புள்ள பாமாயில் விஷயத்தில் பெயர் அடிபடும் நிறுவனம் அது என்று டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரோன்மென்ட் என்ற ஐரோப்பிய அமைப்பு 2022-ல் சாடியது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு உடனே பாமாயில் தரும் செம்பனைக் குலை கண்ணில் தெரியும். தெரியட்டும், ஆனால் கிதாரிலிருந்து பாமாயில் ஒழுகுவதாக வரைந்தால் பொய்யாகும். பயணத்துக்கான எரிபொருளில் பாமாயில் இருக்காது என்று நெஸ்டே உறுதி கொடுத்திருப்பதாகக் குழு பதில் சொல்லியிருக்கிறது. செம்பனைக் குலை ஒன்று பாதுகாவலரிடம் டிக்கெட் காட்டியும் உள்ளே விடப்படாமல் அரங்க வாசலில் நிற்பதாக வரையலாம். அது உண்மைக்குள்ளேயே நிற்கிறது, கேள்வியும் கேட்கிறது.

வடிவத்தைப் பொறுத்தவரை, அறுபதுகளின் சான்பிரான்சிஸ்கோ பாணி நெளி எழுத்தையே நாம் ஏன் திரும்பத் திரும்பக் கடன் வாங்குகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நம்மிடம் ஃப்ளெக்ஸ் பேனர் இருக்கிறது. கும்பிட்ட கையோடு நாயகர், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், அடியில் வரிசையாகப் பாஸ்போர்ட் அளவு முகங்கள். அந்த முகங்களின் இடத்தில் ஸ்பான்சர் லோகோக்களை வைத்து, மேலே 'இந்தப் பாடலின் இரண்டாவது சரணம் உபயம்' என்று போட்டுப் பாருங்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் கோயில் டியூப்லைட்டிலும் உபயதாரர் பெயரைப் படித்து வளர்ந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

எழுத்தைக் கவனியுங்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்ற எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் ஓடிவிடும். 'கோலாலம்பூர்' என்ற பெயரே உடைந்து நிற்கும் போஸ்டரைப் பார்ப்பவர் குழுவைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, போஸ்டர் உண்மையான விளம்பரம் மாதிரியே இருக்க வேண்டும் என்று உண்மையான தேதி, உண்மையான அரங்கம், கியூஆர் கோடு எல்லாம் போடுவது. போலி டிக்கெட் மோசடி நடக்கும் நாட்டில் இது விளையாட்டில்லை. வாட்ஸ்அப்பில் நாலு குழு தாண்டினால் யாரோ ஒரு அக்கா மகனுக்காக டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவார். கேலி எங்காவது ஓரிடத்தில் பளிச்சென்று உடைய வேண்டும். டிக்கெட் வகைகளில் 'மேடை தெரியாது, லோகோ தெரியும்' என்று ஒன்று இருந்தால் போதும்.

ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாநகர் மன்ற அனுமதி இல்லாமல் ஒட்டாதீர்கள், பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய சுவர்களில் பசையே வைக்காதீர்கள். விளக்குக் கம்பத்தில் ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டினால் அதுவும் கடன் விளம்பரம் என்றுதான் நினைப்பார்கள்.

விற்கும்போதுதான் சட்டம் எட்டிப் பார்க்கும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், பகடிக்கும் கேலிச்சித்திரத்துக்கும் இடம் கொடுக்கிறது. அதை நம்பி லோகோவை அப்படியே டி-ஷர்ட்டில் அடித்து விற்கக் கிளம்பாதீர்கள். வணிகச் சின்னத்துக்கு 2019-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. லோகோவை நீங்களே புதிதாக வரைந்து, கேலியை அதன் வடிவத்துக்குள்ளேயே வையுங்கள்.

நம் போஸ்டர் மட்டும் சந்தைக்கு வெளியே நிற்கிறது என்று நினைப்பதும் தவறுதான். கலகக்கார பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு வரைந்த ஜேமி ரீட், 1979-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையைக் கேலி செய்து ஓர் இசைத்தட்டு உறை செய்தார். நிறுவனம் நீதிமன்றம் போய் அதை நிறுத்தியது. 2015-ல் பிரிட்டனின் வெர்ஜின் மணி அதே குழுவின் படங்கள் போட்ட கிரெடிட் கார்டுகளை வெளியிட்டது. ஆகவே பினாங்கில் ஹின் பஸ் டெப்போ கலைக்கூடத்தின் ஞாயிறு சந்தையில் கடை போட்டு விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓரத்தில் உங்கள் கணக்கையும் அச்சிட்டுவிடுங்கள்: தாள் இவ்வளவு வெள்ளி, மை இவ்வளவு, கடை வாடகை இவ்வளவு, வரைந்தவர் கூலி இவ்வளவு. வாங்குபவர் அதையும் படித்துச் சிரிப்பார், பேரம் பேசவும் கொஞ்சம் தயங்குவார்.